மூன்றாவது பட்டன்

குடும்பத்துக்காக வேலையை விட்ட பெண்கள் மறுபடியும் புரோகிராம் எழுத வரலாம் என்று அந்த நிறுவனம் ஊர் முழுக்க விளம்பரம் செய்திருந்தது. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். அவளுடைய நாற்பதாவது பிறந்தநாளுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. ஆக, இந்தத் தேர்வை விட்டால் வேறு தேர்வு கிடையாது. நல்ல காரியம் செய்கிறவர்களுக்கும் எங்காவது ஒரு கதவைச் சாத்தி வைத்தால்தான் நிம்மதி போலிருக்கிறது.

வேலையை விட்டு ஒன்பது வருடம். மகள் பிறந்தபோது, "ஒரு வருஷம்தானே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிரும்" என்றான் கணவன். அவள் விஷயத்தில் மூடிய கண்ணை அவன் அப்புறம் திறக்கவே இல்லை.

வினாத்தாளைப் பிரித்ததும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஐந்தே கேள்விகள். எல்லாம் புரோகிராமில் ஒரு வேலையைச் செய்ய வைக்கிற மெத்தட் பற்றிப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவை. 'புதியவருக்குப் புரியும்படி, உங்கள் சொந்த உதாரணத்தோடு விளக்கவும். பார்த்து எழுதியது தெரிந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்' என்று மேலே போட்டிருந்தார்கள்.

இந்தக் கேள்விகள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் கணவன் வேறொரு நிறுவனத்தில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். தினமும் காலையில் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் திறந்து வைத்துவிட்டு, "இதுங்க கேக்கறதைப் பாரேன், எனக்குப் பத்து மணிக்கு மீட்டிங். ரெண்டு வரி தட்டி விட்டுடு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போவான். அடுப்பில் பால் ஒரு கண், லேப்டாப் ஒரு கண். அவன் தலை துவட்டிக்கொண்டு வருவதற்குள் மூன்று கேள்விக்குப் பதில் போய்ச் சேர்ந்திருக்கும், அவன் பெயரில். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. உண்மையைச் சொன்னால், அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் அவள் காலையில் எழுந்திருந்தாள். மற்ற நேரமெல்லாம் அவள் யாருக்கோ அம்மா, யாருக்கோ மனைவி. அந்தக் கால் மணி நேரம் மட்டும் விஷயம் தெரிந்தவள்.

உதாரணத்துக்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எப்போதும் சொல்கிற வாஷிங் மெஷின்தான். கிளாஸ் என்பது தொழிற்சாலையில் போட்ட வரைபடம்; ஆப்ஜெக்ட் என்பது உங்கள் வீட்டுக்கு வந்து நிற்கிற மெஷின். துவை, அலசு, பிழி என்று மூன்று பட்டன்கள்; அவைதான் மெத்தடுகள். 'மெத்தட் பெயரை எழுதினேன், ஏன் ஒன்றும் நடக்கவில்லை?' அடைப்புக்குறி போடாமல் எழுதுவது பட்டனை விரலால் சுட்டிக்காட்டுவது மாதிரி. காட்டினால் ஓடாது, அழுத்தினால்தான் ஓடும். 'செல்ஃப் எதற்கு?' பட்டன் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ஆனால் நீங்கள் அழுத்தினால் உங்கள் துணிதான் துவைபடும், பக்கத்து வீட்டுத் துணி துவைபடாது. எந்த மெஷின் என்று சொல்வதற்குத்தான் செல்ஃப்.

கடைசிக் கேள்வி: 'ஒரு மெத்தடில் பிழை இருந்தால் மொத்த ஆப்ஜெக்டும் கெட்டுவிடுமா?' அவள் எழுதினாள்: 'எங்கள் வீட்டு மெஷினில் மூன்றாவது பட்டன் சிக்கும். நடுவில் அழுத்தினால் அசையாது, ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்த வேண்டும். அதற்காகத் துவைப்பதும் அலசுவதும் நின்றா போகிறது? கெட்ட பட்டனை மட்டும் சரி செய்தால் போதும்.'

அரை மணி நேரம் முன்னதாகவே தாளைக் கொடுத்துவிட்டு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் சம்பளத்தில் மகளுக்கு ஒரு மேஜை வாங்க வேண்டும் என்று நினைத்தாள். அப்புறம் மாற்றிக்கொண்டாள். மேஜை தனக்கு.

உள்ளே கூப்பிட்டார்கள். அறையில் இரண்டு பேர். தடித்த கண்ணாடி போட்ட ஒரு தேர்வாளர், பக்கத்தில் குறிப்பெடுக்க ஒரு சின்னப் பெண். கண்ணாடிக்காரர் விண்ணப்பத்தைப் புரட்டி, கணவன் பெயரில் விரலை வைத்தார்.

"இவர் உங்க வீட்டுக்காரரா? அவரோட நோட்ஸை வச்சுத்தாங்க நாங்களே இங்க சொல்லித் தரோம்!"

"நோட்ஸா?"

அவர் ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து மேஜையில் வைத்தார். 'மெத்தட்: புதியவர்களின் நாற்பது கேள்விகள்.' அட்டையில் அவள் கணவன் கையைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். போன மாதம் அவள் தேய்த்துக் கொடுத்த நீலச் சட்டை.

"பதினேழாம் பக்கம். உங்க விடைத்தாளையும் பாருங்க. மூணாவது பட்டன், கட்டைவிரல், ஓரம்... ஒரு சொல் மாறலை. சொந்த உதாரணம் கேட்டிருந்தோமேம்மா."

"இதை நான்தான் எழுதினேன்."

"இப்ப எழுதினீங்க, சரி."

"இல்ல சார். அந்தப் புத்தகத்துல இருக்கறதையும் நான்தான் எழுதினேன்."

சின்னப் பெண்ணின் பேனா நின்றது. கண்ணாடிக்காரர் முகத்தில் எரிச்சல் கூட இல்லை, பரிதாபம் இருந்தது. அதுதான் அவளை அதிகம் சுட்டது.

"அதுக்கு ஏதாவது அத்தாட்சி இருக்கா?"

அவன் லேப்டாப், அவன் கணக்கு, அவன் பெயர். ஒன்பது வருடத்தில் அவள் விரல் பட்டதற்கு அடையாளம் விசைப்பலகையில் தேய்ந்த எழுத்துகள் மட்டும்தான். சட்டென்று அவளுக்கு ஒன்று தோன்றியது.

"அவருக்கே போன் போட்டுக் கேளுங்க. எந்த பட்டன் சிக்கும்னு கேளுங்க. அவர் அந்த மெஷினை ஒரு நாள் கூடத் தொட்டதில்ல. அவருக்குத் தெரியாது."

அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு எண்ணை அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டார். நடந்ததை நாசூக்காகச் சொன்னார். அவன் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று, இத்தனைக்கும் பிறகும், நம்பினாள்.

மறுமுனையில் அவன் சிரித்தான். "வீட்ல நான் சொல்றதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் பதிஞ்சு போச்சு சார். தப்பா எடுத்துக்காதீங்க. ரொம்ப நாள் கேப் இல்லையா, பதட்டம். நம்ம பொண்ணுன்னு நினைச்சுக் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க."

"அது சரி சார், உங்க வீட்டு மெஷின்ல எந்த பட்டன் சிக்கும்?"

"மூணாவது," என்றான் பட்டென்று. "எழுதியிருக்கேனே!"

கண்ணாடிக்காரர் அவளைப் பார்த்தார். இதற்கு மேல் என்ன வேண்டும் என்கிற பார்வை.

"இல்ல சார்," என்றாள். "அஞ்சாவது. எங்க மெஷின்ல மொத்தம் ஆறு பட்டன். புதுசா படிக்கறவங்க குழம்பக் கூடாதுன்னு நான்தான் மூணா குறைச்சேன். பிழியறது அஞ்சாவது பட்டன் சார். அவருக்கு அது தெரியாது. புத்தகத்துல இருக்கறதைத்தான் சொல்றாரு."

"நீங்களே விடைத்தாள்ல மூணாவதுன்னுதானேம்மா எழுதியிருக்கீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் கண்ணாடிக்காரர் விண்ணப்பத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினார். சின்னப் பெண் மட்டும் தலையை நிமிர்த்தி அவளை ஒரு முறை பார்த்தாள். நம்பினாள் என்றுதான் தோன்றியது. ஆனால் அவள் குறிப்பெடுக்க வந்தவள். குறிப்பெடுத்தாள்.

சாயங்காலம் கணவன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தான். ஷூவைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"என்ன இப்படி மானத்தை வாங்கிட்ட? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற உதாரணம் சொல்லிக் கொடுத்திருப்பேன்ல?"

"நீங்க? எனக்கு?"

"சரி விடு. என் பேர்ல வந்தா என்ன, உன் பேர்ல வந்தா என்ன? ஒரே வீடுதானே?"

"அப்ப அவர்கிட்ட என் பேரைச் சொல்லியிருக்கலாமேங்க."

அவன் காலுறையைச் சுருட்டி ஷூவுக்குள் திணித்தான். "சொல்லிட்டு? என் வேலை என்னாகறது?" என்றான். அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான். அதைச் சொன்னதும் அவனுக்கே பாரம் இறங்கியது போல, லேப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்துத் திறந்தான்.

"புது பேட்ச். பதினோரு கேள்வி வந்திருக்கு. அப்புறம் நாளைக்கு எனக்கு அந்த நீலச் சட்டை வேணும். நோட்ஸுக்கு ஏதோ பரிசு கொடுக்கறாங்களாம்."

அவள் லேப்டாப்பை மூடினாள். "சட்டையை நீங்களே மெஷின்ல போட்டு எடுங்க."

"இதென்ன பெரிய ராக்கெட் விடற வேலையா?" என்று சட்டையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனான். தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு பட்டனை அழுத்தும் சத்தம். மறுபடியும் அழுத்தும் சத்தம். மகள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கி, "அப்பா என்னம்மா பண்றாரு?" என்றாள்.

மெஷினின் உண்மையான மூன்றாவது பட்டன் சுடுதண்ணீர். அந்த நீலம் சுடுதண்ணீரில் சாயம் போகிற நீலம்.

"ஏய், இங்க வா!" அவன் கத்தினான். "மூணாவதைத்தான் அழுத்தறேன், ஓரத்துலதான் அழுத்தறேன்! பிழியவே மாட்டேங்குது, என்னமோ கொதிக்கக் கொதிக்கத் தண்ணி வருது! எந்த பட்டன்டி அது?"

அவள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நீங்க எழுதினதுதானே," என்றாள். "எடுத்துப் பாருங்க, பதினேழாம் பக்கம்."

சொல்லிவிட்டுச் சிரிக்கலாம் என்றுதான் நினைத்திருந்தாள். அழுகைதான் வந்தது.