வெளிப்பூட்டு

நான் நிலநடுக்கத்துக்குப் பொறுப்பானவன். வரவழைக்க அல்ல, வந்தால், ஒரகடத்தில் எங்கள் லைனில் வேலை செய்யும் அறுபத்திரண்டு பேரை வெளியே கூட்டிப்போய் நிறுத்தி எண்ணுவதற்கு. கம்பெனி ஜப்பான்காரர்களுடையது. அவர்களுக்குப் பூமியின் மேல் நம்பிக்கை குறைவு. வருஷத்துக்கு இரண்டு ஒத்திகை நடக்கும். அன்று மட்டும் மஞ்சள் ஹெல்மெட்டும் விசிலுமாக நான் நடந்தால் சூப்பர்வைசரே வழிவிடுவார்.

இந்த வருஷம் வீட்டுக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். பெரிய நிலநடுக்கம் வந்தால் உங்கள் வீடு தயாரா என்று அதில் கேட்டிருந்தது. குடும்பத்தோடு ஒத்திகை பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆரம்பித்துவிட்டேன். பரணில் இருந்த அண்டாவும் பித்தளைக் குடமும் தரைக்கு வந்தன. பீரோவைச் சுவரோடு பிணைக்க நான்கு துளை. வாடகை வீட்டில் ஆணி அடிப்பதே குற்றம் என்பதால் கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா சுந்தராம்பாளிடம் முன்கூட்டியே போய்ச் சொன்னேன். நிலநடுக்கமே தேவலை என்பதுபோலப் பார்த்தார், மறுக்கவில்லை. டார்ச், தண்ணீர், மாத்திரை, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவோரம் வைத்தேன். என் மனைவி முத்துச்செல்வி சுங்குவார்சத்திரத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவள். துளை போடும் சத்தத்தில் தூங்க முயன்று தோற்றுப்போய், கல்யாணத்துக்காவது இவ்வளவு ஏற்பாடு செய்தீர்களா என்று கேட்டாள்.

பிறகு ஒத்திகை. விசில் ஊதினேன். ஒன்பது வயது மகள் சுகப்பிரியா மேஜைக்கு அடியில் புகுந்து தலையை மூடிக்கொண்டாள். முப்பது எண்ணினாள். கண்ணாடி குத்தாமலிருக்கச் செருப்பு மாட்டினாள். எங்கள் லைனில்கூட இத்தனை ஒழுங்காகச் செய்ய ஆளில்லை. பையை எடுத்துக்கொண்டு கதவுவரை வந்தவள், அதை மடியில் வைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கதவு திறந்துதான் இருந்தது.

“ஏன் உக்காந்துட்ட? வெளிய ஓடணும்லா?”

“காலைல நீங்க போனப்புறம் வந்தா?”

“அப்பவும் ஓடணும்.”

“வெளிய பூட்டிருக்கும்லாப்பா.”

புகாராகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

மாசத்தில் இரண்டு வாரம் எனக்கு முதல் ஷிப்ட், முத்துச்செல்விக்கு நைட். ஐந்து மணிக்கு நான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புவேன். ஆறே முக்காலுக்குத்தான் அவள் வருவாள். இடையில் பிள்ளை தூங்கட்டும் என்று வெளியே பூட்டிவிட்டுப் போவேன். ஆளுக்கொரு சாவி. பாதுகாப்புக்காக என்று இருவரும் கலந்து பேசி எடுத்த முடிவுதான். பூட்டைக்கூடப் பெரிதாகப் பார்த்து வாங்கியவன் நான்.

பயமாக இருக்குமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. முத்துச்செல்விதான் கட்டிலிலிருந்து இறங்கி வந்து கேட்டாள்.

“பூட்டுற சத்தத்துல முழிச்சிருவேன். அப்புறம் நீங்க வர்ற வரைக்கும் சும்மா படுத்திருப்பேம்மா.”

எட்டு மாசமாக அவள் தூங்குகிறாள் என்றே நினைத்திருந்தோம். முத்துச்செல்வி அவள் காலிலிருந்து செருப்பை மெல்லக் கழற்றினாள். நான் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கீழே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிழைக்க வந்த ஊரில் யாரிடமும் எதற்கும் போய் நிற்கவில்லை என்பது கோவில்பட்டிக்குப் போனால் சொல்லிக்கொள்ள எங்களுக்கிருந்த ஒரே பெருமை. அன்று இறங்கிப் போனேன். வழியில் இரண்டு வேடிக்கைப் பேச்சைத் தயார் செய்துவைத்திருந்தேன். ஒன்றும் வாய்க்கு வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

சுந்தராம்பாள் முறத்தைக் கீழே வைத்தார்.

“செவுத்துல ஓட்ட போடறத வந்து சொன்ன. கொயந்தய வச்சுப் பூட்டிகினு போறத சொல்லலியே, கொம்பையா.”

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஹெல்மெட் இல்லாத தலை.

“அஞ்சு மணிக்கு நான் முயிச்சிகினுதான் கீறேன். கொயந்தய எயுப்பாத. நானே மேல வந்து படுத்துக்கிறேன்.”

திங்கட்கிழமை சொன்னபடியே தலையணையோடு வந்தார். கதவை உள்ளிருந்து தாழ் போட்டுக்கொண்டார். பஸ்ஸுக்காக நான் வேகமாக எண்பது அடி நடந்த பிறகும், எதையோ மறந்துவிட்டதுபோல என் கை சாவி இருந்த பாக்கெட்டைத் தடவிக்கொண்டே இருந்தது. அன்றும் மறுநாளும் சுகப்பிரியா தூங்கவில்லையாம். அந்த அம்மாவின் குறட்டை பலம் என்றாள்.

வியாழக்கிழமை கேன்டீனில் டிபன் சாப்பிடும்போது முத்துச்செல்வி போன் செய்தாள். மணி எட்டரை. பிள்ளை இன்னும் எழவில்லை, அசந்து தூங்குகிறாள், ஸ்கூல் வேன் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது என்றாள். எழுப்பட்டுமா என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன்.