பிரியாணிக்காக வந்த பிரஷர்

ஆஞ்சலாவுக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. பொம்மசந்திராவில் மாத்திரைகளை அட்டையில் அடைத்து அனுப்பும் கம்பெனியில் அவள் தொழிலாளர் நல அதிகாரி. போன வருடம் இதே உடல் பரிசோதனை முகாமில் நர்சுகள் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வந்த சிலரும் ஃபேன் காற்றுக்காக வந்தவர்கள். இந்த வருடமோ முகாம் நடந்த கேன்டீனில் வாசல்வரை வரிசை நின்றது.

எல்லாம் பிரியாணி செய்த வேலை. எந்த பேக்கிங் லைனில் ஒருவர் விடாமல் பரிசோதனைக்கு வருகிறார்களோ, அந்த லைனுக்கு மட்டன் பிரியாணி என்று அவள்தான் நோட்டீஸ் ஒட்டினாள். மேனேஜர் சேஷகிரி அதைப் படித்து முகம் சுளித்தார். "சோறு போட்டுக் கூப்பிடணுமா? சரி, இந்த வருஷமும் ஆள் வரலேன்னா முகாமையே நிறுத்திடுவேன்" என்றார். நோய் வருவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியும் அசையாத கூட்டம், பிரியாணி என்றதும் அசைந்தது. எதற்கு வந்தால் என்ன, வந்துவிட்டார்களே என்று ஆஞ்சலாவுக்குச் சந்தோஷம் பொங்கியது.

அப்போதுதான் பிரஷர் பார்க்கும் மேஜையிலிருந்து நர்ஸ் லட்சுமம்மா கையாட்டிக் கூப்பிட்டார்.

"மேடம், பேக, சீக்கிரம் வாங்க. ஹெர்பர்ட்னு ஒருத்தர், பிரஷர் இருநூறு. அவர்கிட்ட ஒண்ணும் சொல்லாம டாக்டரைக் கூப்பிடத் திரும்பறேன், ஆளைக் காணோம். இப்போ அமல்னு ஒருத்தர், அவருக்கும் இருநூறு. அவரும் எழுந்து போயிட்டார்."

"முகத்தைப் பார்த்தீங்களா?"

"எங்க மேடம் முகம் தெரியுது?"

அதுவும் நியாயம்தான். மாத்திரை தொடும் இடம் என்பதால் தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், முழங்கால்வரை வெள்ளை அங்கி. கண்களைத் தவிர ஒன்றும் தெரியாது. பெயரைச் சொன்னால் டிக் போடுவதோடு சரி.

ஆஞ்சலா பேக்கிங் ஹாலுக்குப் போய் இரண்டு பேரையும் கையோடு கூட்டி வந்தாள். மாட்டிக்கொண்ட முழியோடு உட்கார்ந்தார்கள். லட்சுமம்மா பட்டையைக் கட்டிப் பார்த்தார். ஹெர்பர்ட்டுக்கு ஒன்றுமில்லை. அமலுக்கும் ஒன்றுமில்லை.

"மிஷின்ல தப்பில்லை மேடம். என் கையிலயே கட்டிப் பார்த்துட்டேன்."

ஆஞ்சலாவுக்குச் சட்டென்று விளங்கியது. கைரேகை மிஷின் வருவதற்கு முன், இந்தக் கம்பெனியில் ஒருவன் கார்டை இன்னொருவன் பஞ்ச் பண்ணுவது சர்வ சாதாரணம். வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பவனுக்கும் இங்கே வருகை விழும். அந்தக் கைவரிசையைப் பிரஷருக்கும் காட்டியிருக்கிறார்கள்.

"உங்களுக்குப் பதிலா யாரு போனது?"

ஹெர்பர்ட் தரையைப் பார்த்தான். "பிரஷர், சுகர்னு தெரிஞ்சா கான்ட்ராக்ட்ல இருந்து தூக்கிடுவாங்கன்னு பேச்சு மேடம். வராம இருந்தா லைனுக்கு பிரியாணி போயிடும். அதான், இருக்கிறதுலயே நல்ல உடம்புக்காரனா பார்த்து அனுப்பினோம்."

"அந்த நல்ல உடம்புக்குத்தான் ஹெர்பர்ட் இருநூறு."

அவன் நிமிர்ந்தான். "ஐயோ, ஜெயராஜு அங்க லோடிங்ல பெட்டி தூக்கிட்டிருக்கானே."

ஆஞ்சலா ஓடினாள். 'தொழிற்சாலைக்குள் ஓடாதீர்கள்' என்று தானே எழுதி ஒட்டிய பலகையைத் தாண்டி ஓடினாள். பின்னால் ஹெர்பர்ட், அவனுக்குப் பின்னால் அமல். விஷயம் தெரியாமலே இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். ஜெயராஜ் விழுந்துவிடக் கூடாதே, நாம் போவதற்குள் விழுந்துவிடக் கூடாதே என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

ஜெயராஜ் தோளில் பெட்டியோடு லாரிப் பலகையில் ஏறிக்கொண்டிருந்தான்.

"டேய், கீழ வைடா" என்று ஹெர்பர்ட் கத்தினான்.

ஜெயராஜ் பெட்டியை இறக்கினான். கூட்டத்தோடு மேடத்தைப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்று புரிந்தது. "மேடம், சும்னே, சும்மா ஒரு விளையாட்டுக்கு..."

"பேச வேண்டாம் ஜெயராஜ். முதல்ல உட்காருங்க. தலை வலிக்குதா?"

"பின்மண்டையில கொஞ்சம். நாலஞ்சு நாளா இருக்கு, சூடுன்னு விட்டுட்டேன். வேலை போயிடுமா மேடம்?"

"போகாது. நான் விட மாட்டேன்."

சக்கர நாற்காலியில் உட்கார வைத்துக் கேன்டீனுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் மாத்திரை கொடுத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். அதற்குள் சேஷகிரிக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "ஆள் மாறாட்டமா? யாரைக் கேட்டு..." என்று ஆரம்பித்தார்.

"சார், அப்புறம் திட்டுங்க. இவர் இன்னிக்கு இங்க வந்து உட்காரலேன்னா லாரி மேல இருந்து விழுந்திருப்பார். இப்போ கார் வேணும்."

சேஷகிரி நாற்காலியைப் பார்த்தார். மறு பேச்சில்லாமல் தன் கார் சாவியை டிரைவரிடம் கொடுத்தார்.

கார் வரும்வரை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று லட்சுமம்மா பட்டையைக் கட்டினார்.

"உங்க பேருக்கு எப்போ வந்தீங்க?" என்று ஆஞ்சலா கேட்டாள்.

"வரலை மேடம். எனக்கென்ன, கடைசியில பார்த்துக்கலாம்னு இருந்தேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமும் வந்தது, இவன் கிடைத்துவிட்டானே என்ற ஆனந்தமும் தாங்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தாள். கூட்டம் அப்படியே நின்றது. காலையிலேயே டிக் விழுந்துவிட்ட சிலர், ஒருவரையொருவர் பார்க்காமல், மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள்.

லட்சுமம்மா பேனாவை எடுத்தார். "பேர் சொல்லுங்க."

அவன் மாஸ்க்கைக் கழற்றினான்.

"ஜெயராஜ்."