பிரேக்காரரின் பாஸ்போர்ட்

கையில் எல்லை அட்டையை வைத்துக்கொண்டே பாஸ்போர்ட்டுக்கும் எழுதிப் போட்ட ஒரே ஆள் அந்த ஊரில் பிரேக்காரர்தான். எல்லையோரத்து ஆட்களுக்கு எல்லை தாண்டி அக்கரைக்குப் போக அந்த அட்டையே போதும். இயந்திரத்தின் மேல் வைத்தால் பச்சை விளக்கு எரியும், கதவு திறக்கும், போய்விடலாம். பாஸ்போர்ட்டுக்காரர்கள்தான் வரிசையில் கால்கடுக்க நின்று, கவுண்டரில் முகத்தைக் காட்டி, முத்திரை வாங்கிக்கொண்டு போக வேண்டும். சும்மா போகிற வழி இருக்கும்போது, நின்று போகிற வழிக்குப் பணம் கட்டுவானா ஒரு மனுஷன்? இவர் கட்டினார். லாரிப் பட்டறையில் பிரேக் வேலை பார்த்துப் பார்த்தே அந்தப் பெயர் வந்தது என்றாலும், ஆசை என்று ஒன்று வந்துவிட்டால் அதை நிறுத்த அவரிடம் ஒரு சாமானும் கிடையாது.

ஆசைக்குக் காரணம் மகள். பரீட்சை எழுதித் தேறி, மிடுக்கான சீருடையில் எல்லைச் சாவடியில் முத்திரை குத்துகிற அதிகாரி ஆகிவிட்டாள். வேலைக்குப் போன நாளிலிருந்து பட்டறைக்கு வரும் லாரிக்காரர்கள் இவரைச் சும்மா விடவில்லை. "அண்ணே, நேத்து உங்க பொண்ணு கவுண்டர்லதான் எனக்கு முத்திரை விழுந்துச்சு" என்று பாஸ்போர்ட் பக்கத்தை விரித்துக் காட்டுவார்கள். முத்திரையின் ஓரத்தில் அதிகாரியின் எண் இருக்கும். இவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்த எண்ணைப் பார்ப்பார். முதலில் உச்சி குளிரும். அப்புறம் வயிறு எரியும். போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் குத்துகிறாள், பெற்ற அப்பனுக்கு ஒன்று இல்லையே!

இது வெளியில் சொன்ன காரணம். உள்ளே வேறொன்று கிடந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் மகள் ஒரு நாள் சொன்னாள்: "அப்பா, சித்தி வீட்டுக்குப் போறதுன்னா கார்டுலயே போயிடுங்க. என் கவுண்டர் பக்கம் வராதீங்க, என்ன?" ஏன் என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. தன் நகங்களைப் பார்த்துக்கொண்டார். எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு. இஸ்திரி போட்ட சட்டைகளுக்கு நடுவில் இந்த அப்பனைக் காட்டிக்கொள்ள அவளுக்குக் கூச்சமாக இருக்குமோ? இருந்தாலும் தப்பில்லை என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. ஒரு தடவை அவள் எதிரில் போய் நின்றால் முகத்திலேயே தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ளாமல் இவருக்குத் தூக்கம் வராது.

அக்கரையில் மனைவியின் தங்கை புது வீட்டுக்குக் குடிபோயிருந்தாள். பார்க்கப் போகலாம் என்று கிளம்பிய காலையில், மேஜை மேல் அட்டையும் பாஸ்போர்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

"ஒழுங்கா கார்டை எடுத்துப் பையில வைங்க" என்றாள் மனைவி. தையல்காரி. கையில் கத்தரி இல்லாத நேரத்திலும் பேச்சில் அது இருக்கும்.

"ரெண்டுமே செல்லும்னு சாவடியில போர்டு வச்சிருக்கான்ல?"

"செல்லும். அதுக்காக, திறந்திருக்கிற கதவ விட்டுட்டு ஜன்னல் ஏறியா குதிப்பாங்க?"

"எனக்கு முத்திரை வேணும்."

"தாராளமா வாங்குங்க. அவதான் வராதீங்கன்னு சொன்னாளே, அது காதுல விழலியா?"

விழுந்ததுதானே பிரச்சினை. பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். அட்டையை மேஜையிலேயே விட்டுவிட்டார். கையில் இருந்தால் கடைசி நேரத்தில் புத்தி மாறிவிடும் என்று அவருக்கே பயம்.

சாவடியில் மனைவி அட்டையை வைத்தாள், பச்சை விளக்கு எரிந்தது, அந்தப் பக்கம் போய்விட்டாள். போகிறபோது திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அதை இங்கே எழுத முடியாது.

பிரேக்காரர் கூடத்துக்குள் போய் வரிசையில் நின்றார். ஆறேழு கவுண்டர்கள். கண்ணாடிக்குப் பின்னால் கடைசிக்கு முந்தினதில் மகள் உட்கார்ந்திருந்தாள். வாங்குவதும் புரட்டுவதும் முகத்தைப் பார்ப்பதும் குத்துவதுமாக அவள் கை ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து இவருக்குத் தலைகால் புரியவில்லை. நம் பிள்ளைதானா இது! வரிசையின் தலைக்கு வந்ததும் வேறு கவுண்டர்கள் காலியாயின. "நீங்க போங்க தம்பி", "நீங்க போங்கம்மா" என்று பின்னால் இருந்தவர்களை முன்னே தள்ளிவிட்டார். அவருடைய பெருந்தன்மையை நாலு பேர் வாழ்த்திவிட்டுப் போனார்கள். ஒருவழியாக மகளின் கவுண்டர் காலியானது.

"பாஸ்போர்ட் குடுங்க" என்றாள், தலை நிமிராமல்.

கொடுத்தார். புரட்டினாள். போட்டோ இருந்த பக்கத்தில் கை நின்றது.

நிமிர்ந்தாள். இவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சிரிக்கவில்லை. முகம் ஒரு மாதிரி இறுகிப்போனது. இவ்வளவுதான், தெரிந்துவிட்டது என்று நினைத்தார். கைகள் தாமாகவே கவுண்டர் பலகைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டன.

"ஒண்ணே ஒண்ணு குத்திக் குடுத்துடு பாப்பா, போயிடறேன்" என்றார் அடிக்குரலில்.

பக்கத்துக் கவுண்டர் இளைஞன் எட்டிப் பார்த்தான். விஷயம் புரிந்துவிட்டது போல. "குத்திக் குடுத்து அனுப்புங்க மேடம். யாரு பார்க்கப் போறா?" என்று முணுமுணுத்தான்.

அவள் முத்திரையைக் கீழே வைத்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். அந்தக் கூடத்தில் மேலதிகாரி வந்தால் தவிர யாரும் எழுவதில்லை. அதனால் எழுந்த சத்தத்துக்கே எல்லாத் தலைகளும் திரும்பின. கூடத்தின் கோடியில் கண்காணிப்பாளர் மேஜை. அங்கே வரை கேட்க வேண்டும் என்று நன்றாகக் குரலை உயர்த்தினாள்.

"சார்! இவர் எங்கப்பா. இவர் பாஸ்போர்ட்ட நான் பார்க்கக் கூடாது. வேற ஆள் பார்க்கணும்."

தன்னால் பிள்ளையின் வேலைக்கு என்ன வந்துவிட்டதோ என்று பிரேக்காரர் பயந்துபோனார். கண்காணிப்பாளர் நிதானமாக நடந்து வந்தார். கண்டிப்பான ஆள் என்று மீசையே சொன்னது. பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார், இவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சொந்த அப்பாவா?"

"ஆமா சார். சொந்த அப்பா."

"எல்லையோர ஆள்தானே? கார்டு இருக்குமே. என்ன வேலை செய்றார்?"

இவர் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "லாரிக்கு பிரேக் மெக்கானிக் சார். இந்த வழியா போற பாதி வண்டி எங்கப்பா கை பட்டுத்தான் நிக்குது."

"என் வண்டியும்தான் சார்!" என்று வரிசையிலிருந்து ஒரு டிரைவர் கத்தினான். கூடம் சிரித்தது. கண்காணிப்பாளரின் மீசைகூட அசைந்தது.

"சரி, அந்தப் பக்கம் அனுப்புங்க. முன்னாடியே சொன்னது நல்லதாப் போச்சு. சொல்லாமக் குத்தியிருந்தா இன்னைக்கே உங்கள வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்று பாஸ்போர்ட்டை அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

மகள் கண்ணாடியை ஒட்டிக் குனிந்தாள். "இதுக்குத்தான்பா கார்டுல போங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன்."

"இப்படி ஒரு சட்டம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா? 'நான் போயி அவங்ககிட்ட பேசிப் பார்க்கறேன்'னு கிளம்பி வந்திருப்பீங்க."

உண்மைதான். வந்திருப்பார்.

"கைய மேல எடுங்கப்பா. எதுக்கு ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்றாள். கைகளைப் பலகை மேல் வைத்தார். கண்ணாடி இடைவெளி வழியாகப் பாஸ்போர்ட்டை நீட்டியவள், அந்த விரல்களை ஒரு நொடி சேர்த்துப் பிடித்துவிட்டு விட்டாள். பிறகு உட்கார்ந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு, "அடுத்தவங்க வாங்க" என்றாள். பழைய அதிகாரிக் குரல்.

பக்கத்துக் கவுண்டர் இளைஞன்தான் முத்திரை குத்தினான். எந்தப் பக்கத்தில் குத்தினான் என்றுகூட இவர் பார்க்கவில்லை. வரிசையில் நின்றிருந்த ஒரு அம்மா, "உங்க பொண்ணாங்க?" என்று கேட்டாள். "ஆமாங்க, என் பொண்ணு" என்றார். கேட்காத இன்னும் ரெண்டு பேருக்கும் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தார்.

அக்கரையில் நிழலில் பையோடு காத்திருந்த மனைவி இவருடைய கண்ணைப் பார்த்ததும் பதறிப்போனாள். "என்னங்க ஆச்சு? திட்டிட்டாளா?"

அவர் பாஸ்போர்ட்டை நீட்டினார். அவள் புரட்டி எண்ணைத் தேடினாள்.

"இது நம்ம பிள்ளை நம்பர் இல்லியே. அவ குத்தலியா?"

"குத்தல" என்றார். "எழுந்து நின்னாடி. அத்தனை ஜனம் பார்க்க எழுந்து நின்னு, இவர் எங்கப்பான்னு கத்திச் சொன்னா. என்ன வேலைன்னு கேட்டாங்க, அதையும் அவளே சொன்னா." தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மனைவி சாவடிக் கட்டடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சை விளக்கைத் தவிர வேறு யாரும் தன்னைப் பார்க்காமல் அந்த வழியாகத்தான் அவள் வந்திருந்தாள். கையில் இருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதைப் பையில் போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

"ஊருக்குத் திரும்பினதும், எனக்கும் ஒரு பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுங்க" என்றாள்.