ஓரத்து ஆட்டக்காரர்

ஆல்பர்ட் தோர்லி எங்கும் வலது ஓரமாகவே நடப்பார். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத் தெருக்களிலும், பொறியாளர்களுக்கு அவர் ஆங்கிலம் கற்பித்த நிறுவனத்தின் தாழ்வாரங்களிலும் அவருடைய தோள் சுவரை உரசியபடியே செல்லும். இங்கிலாந்தில் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கால்பந்து அணிகளில் வலது ஓரத்தில் ஓடியவர். எல்லைக்கோட்டைப் பிரிய உடம்பு சம்மதிக்கவில்லை. ஜெர்மன் பெண்ணை மணந்து இங்கே குடியேறிய பின், இந்தியப் பொறியாளர்களின் அணியில் ஞாயிறுதோறும் ஆடிவந்தார்.

1966 கோடையில் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றது, தோற்றது ஜெர்மனி. ஆயினும், ஊரில் அதனால் உண்மையாக நஷ்டமடைந்தவர் அங்கிருந்த ஒரே ஆங்கிலேயர்தான். வென்ற அணி ஓர ஆட்டக்காரர்களே இல்லாமல் ஆடியிருந்தது. அதை அணித்தலைவன் சேஷாத்ரி பத்திரிகையில் படித்துவிட்டான்.

"மன்னிக்க வேண்டும், மிஸ்டர் தோர்லி. ஓரத்து ஆள் வீண் என்று உங்கள் நாடே நிரூபித்துவிட்டது."

"என் நாடு என்னைக் கேட்கவில்லையே," என்றார் தோர்லி. "இந்த ஞாயிறு மட்டும் ஆடுகிறேன். என் மாமனார் பார்க்க வருகிறார். நான் ஆட்டக்காரனாக இருந்ததை அவர் இதுவரை நம்பியதில்லை."

"மாமனாருக்காக விஞ்ஞானம் மாறாது, சார்."

ஞாயிற்றுக்கிழமை மாமனார் தொப்பியோடு பெஞ்சில் அமர்ந்தார். மருமகன் அருகில் நின்று, ஆடுகிறவர்களின் கோட்டுகளைச் சுமந்துகொண்டிருந்தார்.

"இதுதான் உன் ஆட்டமா?" என்று கேட்டார் கிழவர்.

மைதானத்தில், ஒரே வளைக்குள் ஒரே சமயத்தில் நுழைய முயன்ற எலிகளின் கதை நடந்தது. அனைவரும் நடுவிலேயே முட்டி மோதினர். இடைவேளைக்குள் எதிரணி நான்கு கோல் போட்டுவிட்டது.

"டேய் சேஷு, என் காலை மிதிச்சது பூரா நம்ம ஆளுங்கதான்டா," என்றான் பாஸ்கரன்.

"தியரி கரெக்ட்தான்டா."

"தியரி இருக்கட்டும். அந்தப் பெரியவர் மாப்பிள்ளைய எப்படிப் பாக்கறார், பாரு."

சேஷாத்ரி பார்த்தான். கிழவர் மருமகனை விட்டு விலகி, பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்திருந்தார். கோல்கள் நான்கும் தராத வெட்கம் அப்போது அவனுக்கு வந்தது. நேராக அவரிடம் போனான்.

"ஐயா," என்றான், தட்டுத்தடுமாறிய ஜெர்மனில். "உங்கள் மருமகனை ஆடவிடாமல் தடுத்தவன் நான். அவரிடம் ஒரு குறையும் இல்லை. தவறு என்னுடையது." பிறகு தோர்லியிடம் திரும்பினான். "என் இடத்தில் நீங்கள் இறங்குங்கள்."

"விஞ்ஞானம்?"

"அதற்கு இன்று விடுமுறை, சார்."

தோர்லி தன் கோட்டைக் கழற்றினார். உள்ளே அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்.

"நாலு கோல் வாங்கிய பிறகா இறக்குகிறாய்?" என்று முணுமுணுத்த கிழவர், சேஷாத்ரி உட்காரச் சற்றே இடம் விட்டார்.