உண்ணியும் மைனாவும்

சாணார்பட்டிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். உழுவதற்கு ஒரே ஜோடி மாடு. அறுபத்தொன்றாம் வருஷம் ஆடியில் மழை நல்லபடியாகப் பெய்தது. கடலை விதைக்க வேண்டிய நேரத்தில் மயிலைக் காளையின் கழுத்தில் நுகத்தடி உரசிய புண் ஆறவில்லை. அது ஆறினால்தான் ஏர் பூட்ட முடியும். ஈரம் காய்ந்துவிட்டால் அந்த வருஷம் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

என் வீட்டுக்காரர் சோலைமுத்து பழியை உண்ணிமேல் போட்டார். காது மடல், தாடை, வாலடி என்று தேடித் தேடிப் பிடுங்கி, சிரட்டையிலிருந்த மண்ணெண்ணெயில் போட்டார். "ரத்தம் உறிஞ்சிப் பயலுக" என்று திட்டு வேறு. கழுத்தில் வந்து உட்காரும் மைனாவுக்கோ ராஜ மரியாதை. அது உண்ணி பொறுக்க வருகிறதாம். மாட்டின்மேல் உட்கார்ந்த மைனாவை எங்கள் ஊரில் யாரும் விரட்ட மாட்டார்கள். அது பாடவும் செய்தால் கேட்கவா வேண்டும், இவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிடுவார்.

உண்ணி ஒழிந்தது, புண்தான் பெருத்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் வேலையைப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்த்தேன். மைனா புண்ணுக்குள் அலகை விட்டுச் சதையைக் கொத்தியது. பிறகு அதே வாயால் பாடியது.

சொன்னால் அவர் நம்பவில்லை. "போடி ஜக்கம்மா. பாடுற வாய் அப்படியெல்லாம் செய்யாது."

"உண்ணி வயிறு ரொம்பினா தானா விழுந்துரும். அதுக்குப் பாடத் தெரியல, அம்புட்டுத்தான் அது செஞ்ச குத்தம். வந்து பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனேன்.

பார்த்தார். மயிலை கண்ணை மூடிக்கொண்டு நின்றது. தலையை அசைக்கவில்லை, வாலைக்கூட வீசவில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மொதல்ல தலைய ஆட்டி வெரட்டத்தான் பாத்துச்சு, ஜக்கம்மா. மேய விட்ட எடத்துல நான்தான் அடிச்சு அடிச்சு நிப்பாட்டுனேன். உனக்காகத்தான்டா வருதுன்னு சொல்லிச் சொல்லி அடிச்சேன்."

எனக்கு அவர்மேலும் கோபம் வரவில்லை, மைனாமேலும் வரவில்லை. கூரைச் சந்தில் அதற்கு மூன்று குஞ்சுகள். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் புண்ணில் பூசி, சாக்கைக் கிழித்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டினோம்.

மறுநாள் காலை மைனா மறுபடி வந்து திமிலில் உட்கார்ந்தது. விரட்டுவதற்காக அவர் கையை ஓங்கினார். ஓங்கிய கையைப் பார்த்ததும் மயிலை தலையைத் தாழ்த்தி, கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல் நின்றது.