சிவப்புக் கோன்

எங்கள் தையல் வரிசையில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் சூப்பர்வைசர் மேசையிலிருக்கும் சிவப்புக் கோனைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். நூல் தீர்ந்துபோன பிளாஸ்டிக் கோன், மேலே சிவப்புப் பெயின்ட். அத்தனை பெண்களுக்கும் அது ஒன்றுதான். ஒருத்தி திரும்பி வந்து வைத்தால்தான் அடுத்தவள் எழலாம். அதே ஹாலின் மறுகோடியில் துணி வெட்டும் ஆண்களுக்குக் கோனும் கிடையாது, ஒரு கொம்பும் கிடையாது. நினைத்தால் எழுந்து போவார்கள், சிகரெட் வாசனையோடு ஆடி அசைந்து வருவார்கள். சம்பளமும் அவர்களுக்குத்தான் கூட. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனாலும் அந்த ஹாலை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது. என் பக்கத்து மிஷின்காரி அத்தனை இரைச்சலிலும் எதையாவது பாடிக்கொண்டே தைப்பாள். வண்டு என்று பேர் வைத்திருந்தோம். அவள் பாட்டுக்கு என் காலும் தானாக மிதிக்கும்.

வேலை நிரந்தரமாவதற்குள் வண்டு உண்டாகிவிட்டாள். தெரிந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. வயிற்றைக் கம்பெனி கொடுத்த தொளதொள யூனிஃபார்ம் கோட்டு மறைத்தது. அடிக்கடி கோன் எடுப்பதை எது மறைக்கும்?

"என்னம்மா, பாத்ரூம்லயே குடியிருக்கப் போறியா?" என்று சூப்பர்வைசர் கேட்க ஆரம்பித்தார்.

காலிக் கோனுக்கா அங்கே பஞ்சம்? ஒன்றை எடுத்துச் சிவப்பு நெயில் பாலிஷ் பூசி, மேசைப் பக்கம் போகாமலே போய் வரட்டும் என்று அவளிடம் கொடுத்தோம். நடக்கிறவள் கையில் சிவப்பாக ஏதாவது தெரிந்தால் போதும், சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்க மாட்டார். எங்கள் கோன் அசலைவிடப் பளபளத்ததால் அசலுக்கும் ஒரு பூச்சுப் பூசிவிட்டோம். வண்டு தன்னுடையதைக் கோட்டுக்குள் வைத்துக்கொள்வாள். பல வாரம் ஓடியது.

ஒருநாள் திரும்பி வந்தவள், களைப்பில், பழக்கதோஷத்தில் அதை மேசையில் வைத்துவிட்டாள். அசல் கோனும் அங்கேயே இருந்தது.

சூப்பர்வைசர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிடிபடவில்லை. தூக்கிக்கொண்டு கட்டிங் மாஸ்டரிடம் போனார்.

"அண்ணே, இதுல எது நம்மளுதுன்னு பாருங்க."

"என்னப்பா இது?"

"லேடீஸ் பாத்ரூம் போறதுக்கு."

"பாத்ரூம் போக எதுக்குய்யா கோனு?"

வருஷக்கணக்காக ஒரே கூரைக்குள் இருந்த மனுஷன்! யாரோ களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், வரிசை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சூப்பர்வைசர் இரண்டு கோனையும் குப்பைத் தொட்டியில் எறிந்தார்.

"இனிமே கோனே கிடையாது! எவ எந்திரிக்கிறான்னு நானும் பாக்குறேன்."

முதலில் எழுந்தது நான் என்று சொல்ல ஆசைதான். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து முதலில் எழுந்தது வண்டுதான். அவளால் அடக்க முடியவில்லை. அவள் பின்னால் நான், என் பின்னால் மற்றவர்கள். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்று ஹாலே அமைதியானது. குறுகலான வழியில் சூப்பர்வைசரைத் தாண்ட வண்டு ஒருக்களித்தபோது கோட்டு வயிற்றோடு ஒட்டியது.

"எத்தனை மாசம்?"

"ஆறு," என்றாள். தலை குனியவில்லை.

ஹாலில் வேலை நின்றுபோனது மேலே முதலாளி வரை பயமுறுத்தியிருக்க வேண்டும். கோன் பிறகு திரும்பவே இல்லை. வண்டுவும்தான். அவளைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கும்பலாகப் போய்க் கேட்டோம். "அது ஆபீஸ் முடிவு," என்று கதவைச் சாத்தினார்கள். அவளுக்காகச் செய்தது, அவளைத் தவிர எல்லோருக்கும் பலித்தது.

அடுத்த வாரம் அந்த மிஷினில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்தாள். மத்தியானம் என் பக்கம் சாய்ந்து ரகசியமாகக் கேட்டாள்.

"அக்கா, பாத்ரூம் போகணும்னா யாருகிட்ட கேக்கணும்?"

"யாருகிட்டயும் கேக்க வேணாம். எழுந்து போம்மா."

அவள் போனாள். பக்கத்து ஸ்டூல் காலியாக இருந்தது, பாட்டும் இல்லை. மிஷினில் தலையைச் சாய்த்து அழுதுவிட்டேன்.