மனுச மருந்து

என் மூத்த சகோதரி, எங்கள் ராத்தா லரீபாவுக்கு இளம் வயதிலேயே சீனி வருத்தம். காலையும் மாலையும் ஊசி போட்டால்தான் உயிர். மாட்டிலிருந்து எடுக்கும் இன்சுலினை அவள் புருஷன் றஹீம் மச்சான் எப்பாடுபட்டாவது வாங்கி வந்துவிடுவார். எண்பத்தெட்டில் பதுளைக் கடைகளில் அது கிடைக்காமல் போனது. கிடைத்ததெல்லாம் பன்றியும் கலந்தது. உயிருக்கு ஆபத்தென்றால் அதுவும் ஆகும் என்று பள்ளிவாசல் லெப்பையே சொல்லியும் ராத்தா கேட்கவில்லை. நல்ல காலம், குவைத்திலிருந்த மச்சானின் தம்பி புது மருந்து ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார்.

அதை டொக்டர் கனகரத்தினத்திடம் காட்டினோம். யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனிதர், பேசத்தான் வராது. பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"பயப்பிடாதேங்கோ அம்மா. இதில மாடும் இல்லை, பண்டியும் இல்லை. இது மனுச இன்சுலின்."

ராத்தாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எங்கள் தெருவில் பெண்கள் யாராவது மௌத்தானால் அந்த உடலை, மையத்தை, குளிப்பாட்டப் போகிறவள் அவள்தான். மையத்துக்கு நோகுமென்று தண்ணீரைக்கூட மெதுவாக ஊற்றுவாள். யாருடைய மையத்தை அறுத்து எடுத்தது என்று என் காதில் கேட்டாள். அது காதில் விழுந்த டொக்டர் பதறிப்போய் விளக்கத் தொடங்கினார். மரபணு, நுண்ணுயிர் என்று புத்தகத்தையே திறந்துவிட்டார். நுண்ணுயிர் என்றால் கிருமிதானே என்று மச்சானே கேட்டு வைத்தார். போதாதா?

பஜார் முழுக்கக் கதை பரவியது. வெளிநாட்டில் செத்தவர்களை அறுத்துக் காய்ச்சுகிறார்கள் என்றார் புடவைக்கடை ஹாஷிம். கிருமியை உடம்பில் ஏற்றினால் மனுசப் புத்தியே மாறும் என்றார்கள் வேறு சிலர். வாய்க்கு வந்ததைச் சொன்ன ஒருவருக்கும் சீனி வருத்தம் இல்லை.

மிச்சமிருந்த மாட்டு மருந்து தீர்ந்ததும் ராத்தா ஊசியை எடுத்து வைத்துவிட்டாள். வெந்தயத் தண்ணீரும் பாகற்காய்ச் சாறும் குடித்தாள். மச்சான் கெஞ்சினார். நான் ஏசினேன், அழுதேன்.

"ஒருத்தர அறுத்து நான் வாழ வாணாம், தங்கச்சி," என்றாள்.

வாந்தி தொடங்கியது. எவ்வளவு தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. மூச்சு இரைக்க இரைக்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சேலைன் ஏற்ற விட்டாள், ஊசிக்கு மட்டும் கையை இழுத்துக்கொண்டாள். டொக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்த முறை புத்தகம் பேசவில்லை.

"அம்மா, பாண் மாவுக்குள்ள ஈஸ்ட் போட்டாப் பொங்குதெல்லோ? அப்பிடி ஒரு ஈஸ்டைப் பழக்கி, அதைக் கொண்டுதான் இந்த மருந்தைச் செய்யினம். ஒரு பிரேதத்தையும் ஆரும் தொடேல்லை."

ராத்தா மூச்சுக்கு மூச்சு நிறுத்தி, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே டொக்டர்... போடுங்க," என்றாள்.

போட்டார்கள். ஆனால் உடம்பு அதற்குள் கைவிட்டிருந்தது. மறுநாள் காலையில் ராத்தா மௌத்தானாள். இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று சொன்ன டொக்டரால் எங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பஜார் வேறு கணக்குப் போட்டது. இத்தனை நாள் போடாமல் இருந்தவள் போட்ட மறுநாளே போய்விட்டாளே என்றார்கள். ஹாஷிம் எங்கள் வீட்டு வாசலிலேயே அதைச் சொல்லி உண்மையாகவே கண் கலங்கினார். அவரை என்ன செய்வது?

மூன்றாம் நாள் பக்கத்துத் தெரு றஷீதா வந்தாள். அவளுக்கும் சீனி வருத்தம். ராத்தா தொடாத மருந்தில் பாதியை மச்சான் அவளுக்குத்தான் கொடுத்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு அவள் நன்றாகவே இருந்தாள்.

"மிச்சத்தக் கொட்டிட்டன் புள்ள," என்றாள். "ஒங்கட ராத்தா மௌத்தாகி என்ட கண்ணத் தொறந்து உட்டா."

நான் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அது ஈஸ்ட், பாணுக்குப் போடுகிற ஈஸ்ட் மாதிரித்தான் என்று கத்தினேன். தொண்டை கட்டும்வரை கத்தினேன். றஷீதா தன் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"பாவம்," என்றாள் சுற்றி இருந்த பெண்களிடம். "ராத்தாட கவலயில என்னென்னவோ பேசுது."